தாத்தாவுக்கும் பேரனுக்கும் முழு டிக்கெட்டா? - கொதிக்கும் இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள்!

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்ட் மைதானம். சண்டர்லேண்ட் அணிக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது லிவர்பூல். ஆட்டம் முடிய இன்னும் கால் மணி நேரம்கூட இல்லை. ஜெயிக்கப்போகிற அணியின் ரசிகர்கள் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? கழுத்துத் துண்டை விரித்துப் பிடித்துப் பாடுவார்கள்.

அன்று அப்படி நடக்கவில்லை. கடிகாரம் 77வது நிமிடத்தைத் தொட்டதும், இருக்கைகளிலிருந்து எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். நூறு இருநூறு பேர் அல்ல. சுமார் 10,000 பேர். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வயதான அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். அவர்கள் போன பிறகு சண்டர்லேண்ட் இரண்டு கோல் அடித்து 2-2 என்று டிரா செய்துவிட்டது. பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் குடல்வால் பிரச்னையால் அன்று மைதானத்துக்கே வரவில்லை. வந்திருந்தால் அந்தக் காலி இருக்கைகளைப் பார்த்து என்ன நினைத்திருப்பாரோ!

ஏன் 77வது நிமிடம்? ஆன்ஃபீல்டில் அப்போது கட்டிக்கொண்டிருந்த புதிய மெயின் ஸ்டாண்டில், அடுத்த சீசனிலிருந்து அதிகபட்ச டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 7,500 ரூபாய். அதுவரை இருந்த அதிகபட்ச விலை 59 பவுண்டு.

நான்கே நாளில் பலன் கிடைத்தது. பிப்ரவரி 10ஆம் தேதி, கிளப்பின் அமெரிக்க உரிமையாளர்களான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் ரசிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 77 பவுண்டு திட்டம் குப்பைக்குப் போனது. விலை மீண்டும் 59 பவுண்டில் நின்றது. அடுத்த மாதமே, வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும் ரசிகர்களிடம் 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்கள் கூடி முடிவெடுத்தன. ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

கதை அத்தோடு சுபமாக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. இப்போது சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. டிக்கெட்டின் உச்ச விலையைப் பற்றியதாக இருந்த சண்டை, இப்போது அரை டிக்கெட்டைப் பற்றியது.

பேரனுக்கும் 66 பவுண்டு

இங்கிலாந்து மைதானங்களில் சிறுவர்களுக்கும் ஓய்வூதியம் வாங்கும் வயதினருக்கும் சலுகை விலை உண்டு. பெரும்பாலும் 16 அல்லது 18 வயதுக்குக் கீழே, 65 வயதுக்கு மேலே என்று கணக்கு. கிளப்புக்குக் கிளப் விதி மாறும். நாம் அரை டிக்கெட் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

2024 நவம்பர் கடைசியில், மான்செஸ்டர் யுனைடெட் திடீரென்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த சீசனில் மிச்சமிருக்கும் உள்ளூர் ஆட்டங்களுக்கு உறுப்பினர்கள் வாங்கும் டிக்கெட் இனிமேல் 66 பவுண்டு. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை. அதற்கு முன்பு பெரியவர்களுக்கான குறைந்தபட்ச விலை 40 பவுண்டு, சிறுவர்களுக்கு 25 பவுண்டு.

ஒரு குடும்பக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பழைய குறைந்தபட்ச விலையில் 130 பவுண்டில் முடிந்திருக்கும். புதிய விலையில் 264 பவுண்டு. அதாவது, அன்றைய மதிப்பில் சுமார் 28,000 ரூபாய். ரயில் கட்டணம், பிள்ளைகள் கேட்கும் பர்கர், ஒரு கழுத்துத் துண்டு எல்லாம் தனி. இத்தனைக்கும் சீசன் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றிய விலை இது.

டிசம்பர் 1ஆம் தேதி எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்பு, ஓல்ட் டிராஃபோர்டு வாசலில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் கூடிவிட்டார்கள். ‘விசுவாசத்தைச் சுரண்டாதே’ என்பது அவர்களின் முழக்கம். அன்று யுனைடெட் 4-0 என்று ஜெயித்ததும் கோபத்தைத் தணிக்கவில்லை. கிளப்பின் இணை உரிமையாளர் ஜிம் ராட்கிளிஃப், ரசிகர்கள் நடத்தும் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்த பேட்டியில், ஃபுல்ஹாம் ஆட்டத்துக்கான டிக்கெட்டைவிட யுனைடெட் டிக்கெட் மலிவாக இருப்பதில் அர்த்தமில்லை என்று சொன்னது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆனது. ஃபுல்ஹாம் இருப்பது லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், பணக்காரப் பகுதியில். மான்செஸ்டர்க்காரரிடம் போய் அந்த ஒப்பீட்டைச் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கிளப் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் யுனைடெட்டின் நஷ்டம் 11.32 கோடி பவுண்டு. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி, சில செலவுகளைக் கழித்துவிட்டு, மூன்று ஆண்டுகளில் மொத்தமாக 10.5 கோடி பவுண்டுக்கு மேல் ஒரு கிளப் நஷ்டம் காட்டக் கூடாது என்று இருந்தது. மீறினால் புள்ளிகள் பறிபோகும் என்ற நிலை. எவர்ட்டனுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் 2023-24 சீசனில் அப்படிப் பறிபோயிருக்கிறது. ஆகவே, கிடைக்கிற வழியிலெல்லாம் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது என்கிறது நிர்வாகம்.

ரசிகர்களின் பதில் கேள்வி எளிமையானது. பெரும்பாலான டிக்கெட்டுகள் ஏற்கெனவே விற்றுப்போன நிலையில், மிச்சமிருக்கும் சொற்ப டிக்கெட்டுகளில் ஒரு சிறுவனிடம் 41 பவுண்டு கூடுதலாக வாங்கினால் 11 கோடி ஓட்டை அடைபடுமா? வீரர்களை வாங்கியதிலும், பயிற்சியாளர்களை நீக்கி நஷ்ட ஈடு கொடுத்ததிலும் போன பணத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்? எனக்கு இந்தக் கேள்விக்கு நேரான பதில் எங்கும் கிடைக்கவில்லை. அடுத்த சீசனுக்கு சீசன் டிக்கெட் விலையை 5 சதவிகிதம் உயர்த்தியபோது, 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு மட்டும் உயர்த்தாமல் விட்டது யுனைடெட். சத்தம் கொஞ்சம் காதில் விழுந்திருக்கிறது.

65வது நிமிடத்தில் முதுகைக் காட்டு

முதியவர்கள் விஷயத்தில் பெரிய சண்டை நடந்தது லண்டனில், டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்பில்.

2024 மார்ச்சில் டாட்டன்ஹாம் சீசன் டிக்கெட் விலையை 6 சதவிகிதம் உயர்த்தியது. அதோடு இன்னொன்றையும் அறிவித்தது. 2025-26 முதல் புதிதாக யாருக்கும் மூத்தோர் சலுகை சீசன் டிக்கெட் கிடையாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கான 50 சதவிகிதத் தள்ளுபடியும் ஆண்டுக்கு 5 சதவிகிதம் குறைந்துகொண்டே போய், கடைசியில் 25 சதவிகிதத்தில் நிற்கும்.

60 வயதைக் கடந்த ஒரு ரசிகரின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். இளைஞராக இருந்தபோது நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தவர். வேலைக்குப் போன காலம் முழுக்க, அணி தோற்றாலும் ஜெயித்தாலும் முழு விலை கொடுத்துத் தன் இருக்கையை வைத்திருந்தவர். ரிட்டயர்டு ஆனதும் பாதி விலையில் தொடரலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர். சம்பளம் நின்று ஓய்வூதியம் வரத் தொடங்குகிற நேரத்தில், அந்தக் கதவு மூடிவிட்டது என்கிறார்கள். ‘மூத்தோரைக் காப்போம்’ என்று இயக்கம் தொடங்கிய ரசிகர் சங்கம், ஆட்டத்தின் 65வது நிமிடத்தில் எல்லோரும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்குமாறு அழைப்பு விடுத்தது. 65 என்பது முதியோர் சலுகை தொடங்கும் வயது.

டாட்டன்ஹாம் சொன்ன காரணம், பழைய மைதானத்தைவிடப் புதிய மைதானத்தில் மூத்தோர் சலுகை பெறுபவர்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடிவிட்டது என்பது. 2019-ல் திறந்த புதிய மைதானத்தில் 62,850 இருக்கைகள். சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஒருவர் அதை எளிதில் விடமாட்டார். வருடா வருடம் ரசிகர் கூட்டத்துக்கு வயதாகிக்கொண்டே போகும், பாதி விலை இருக்கைகளும் கூடிக்கொண்டே போகும். கணக்காளர் கண்ணில் அது வருமான இழப்பு.

அதே கூட்டத்தை நாற்பது வருட வாடிக்கையாளர்கள் என்றும் பார்க்கலாம். வேறு எந்த வியாபாரத்திலாவது அப்படிப்பட்டவர்களைச் சுமை என்று சொல்வார்களா?

ரசிகர்களுக்குள்ளேயே ஒரு சண்டை

இது ரசிகர்கள் ஒரு பக்கம், முதலாளிகள் ஒரு பக்கம் என்று மட்டும் நடக்கும் சண்டை இல்லை. சலுகை யாருக்கு என்பதில் ரசிகர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

இளைஞர்கள் கேட்பது இது. சொந்த வீட்டில், கடனெல்லாம் அடைத்துவிட்டு, நல்ல ஓய்வூதியத்தோடு இருக்கும் 68 வயதுக்காரருக்குப் பாதி விலை. சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, படிப்புக் கடனையும் கட்டும் 24 வயது நர்ஸுக்கு முழு விலை. இது என்ன நியாயம்? வயதை வைத்துச் சலுகை கொடுத்த காலத்தில் முதியவர் என்றாலே ஏழை என்பது பெரும்பாலும் உண்மையாக இருந்தது. இன்று அப்படி இல்லையே?

பெரியவர்கள் உடனே மடக்குகிறார்கள். எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள் இல்லை. அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். அந்த வயதில் வருமானம் கூடாது, விலைவாசி மட்டும் கூடும். அப்படியென்றால் வருமானத்தைப் பார்த்துச் சலுகை கொடுக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க டிக்கெட் கவுன்ட்டரில் வங்கிக் கணக்கு விவரத்தையா நீட்டுவது என்று அடுத்த நிமிடமே எதிர்ப்பு வருகிறது. வயது என்பது பிறந்த தேதியைக் காட்டினால் முடிந்துபோகும் விஷயம். யாருக்கும் கூச்சம் இல்லை. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முறைகேடு பற்றியும் பேச்சு உண்டு. பையன் பெயரில் இருக்கும் சலுகை டிக்கெட்டில் வளர்ந்த ஆள் உள்ளே நுழைவது, தாத்தாவின் பாஸை மாமா எடுத்துக்கொண்டு போவது எல்லாம் அங்கேயும் நடக்கிறது. அதைப் பிடிக்க நுழைவாயில் கருவியில் சலுகை டிக்கெட்டுக்குத் தனி நிற விளக்கு எரியும்படி வைத்திருக்கும் மைதானங்கள் உண்டு. பெரிய கிளப்கள் பல, டிக்கெட்டை ஸ்மார்ட்போனுக்கே மாற்றிவிட்டன. முறைகேடு குறையலாம். ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் 80 வயது தாத்தா இப்போது டிக்கெட்டுக்கும் பேரனைத் தேட வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எட்டு வயதில் மைதானத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டவர்தான் எண்பது வயது வரை வருவார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பையன்கள் பட்டி

அந்தக் காலத்தில் இது எப்படி இருந்தது? ஆன்ஃபீல்டின் புகழ்பெற்ற ‘கோப்’ ஸ்டாண்டின் ஒரு மூலையில் சிறுவர்களுக்கென்றே கம்பி அடைப்பு ஒன்று இருந்தது. பெயர் ‘பாய்ஸ் பென்’. தமிழில் பையன்கள் பட்டி என்று சொல்லலாம். பெயருக்கேற்ற மாதிரி ஆட்டுப்பட்டி போலத்தான் இருக்கும். சில்லறைக் காசுக்கு உள்ளே போகலாம். அங்கிருந்து ஏறிக் குதித்து பெரியவர்களின் கூட்டத்துக்குள் தப்பிப் போவது பையன்களுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய சாகசம். அதுகூட இல்லாதவர்கள், ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது கூட்டம் வெளியேறுவதற்காகக் கதவைத் திறப்பார்களே, அந்தச் சமயத்தில் இலவசமாக உள்ளே புகுந்துவிடுவார்கள். இங்கிலாந்தின் பல மைதானங்களில் இது வழக்கம்.

அந்தக் காலத்தை ஒரேயடியாகக் கொண்டாடவும் முடியாது. 1989 ஏப்ரல் 15-ல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேரின் உயிர் போனது. அவர்களில் மிக இளையவருக்கு வயது 10. மிக மூத்தவருக்கு 67. அதை விசாரித்த நீதிபதி டெய்லர், நின்று பார்க்கும் இடங்களை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் இருக்கை போடச் சொன்னார். அதே 1990 அறிக்கையில், இருக்கை போடுவதைக் காரணம் காட்டி விலையை ஏற்ற வேண்டியதில்லை என்பதையும் சொல்லியிருந்தார். ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நின்று பார்க்க 4 பவுண்டு, உட்கார்ந்து பார்க்க 6 பவுண்டுதான் என்று உதாரணமும் காட்டினார்.

முதல் பகுதியை எல்லோரும் நிறைவேற்றினார்கள். இரண்டாவது பகுதி மறந்துபோனது. 1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது, தொலைக்காட்சிப் பணம் கொட்டத் தொடங்கியது, டிக்கெட் விலையும் சேர்ந்தே ஏறியது.

வேறு வழியே இல்லையா என்றால், ஜெர்மனியைக் காட்டுகிறார்கள் ரசிகர்கள். அங்கே இன்றும் நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கலாம். பேயர்ன் மியூனிக் கிளப்பின் தலைவராக இருந்த உலி ஹோனஸ் ஒருமுறை சொன்ன கணக்கு இங்கிலாந்து ரசிகர்களுக்கு மனப்பாடம். சீசன் டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினால் கிளப்புக்குச் சில மில்லியன் கூடும். ஒரு வீரரை வாங்கும் பேரத்தில் அந்தத் தொகையை ஐந்து நிமிடம் பேசித் தீர்த்துவிடுவோம். ஆனால் ரசிகருக்கு அது பெரிய தொகை. ரசிகர்கள் கறக்கிற மாடு இல்லை என்றார் அவர்.

ஜெர்மனியிலும் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். லிவர்பூல்காரர்கள் வெளிநடப்புச் செய்த மூன்றாவது நாளே, ஸ்டுட்கார்ட்டில் நடந்த கோப்பை ஆட்டத்தில் டார்ட்மண்ட் ரசிகர்கள் டிக்கெட் விலையை எதிர்த்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

கிளப்களுக்கு ஏன் இவ்வளவு தைரியம்? பழைய ரசிகர் எழுந்து போனால் அந்த இருக்கைக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்பதால்தான். வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஓல்ட் டிராஃபோர்டில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்துவிட வேண்டும் என்று கனவோடு வருகிறவர், 66 என்ன, 166 பவுண்டு கேட்டாலும் கொடுப்பார். ஜெர்சி வாங்குவார், மக் வாங்குவார், மைதானத்தைச் சுற்றிப்பார்க்கத் தனியாக டிக்கெட் வாங்குவார். வாராவாரம் வரும் தாத்தா வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருவார்.

அந்தக் கனவோடு இருப்பவர் யார்? உலகம் முழுக்க இருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான். சென்னையிலும் மதுரையிலும் ராத்திரி கண் விழித்து பிரீமியர் லீக் பார்க்கும் எத்தனையோ பேரில் நானும் ஒருத்தி. லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் எப்படியாவது ஒரு டிக்கெட் வாங்கித்தரச் சொல்லலாம் என்று நானும் நினைத்திருக்கிறேன். அந்த டிக்கெட் யாரோ ஒரு தாத்தாவின் இடம் என்பது இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

நாம் ராத்திரியில் பார்ப்பது ஆட்டத்தை மட்டும் இல்லை, அந்தச் சத்தத்தையும் சேர்த்துத்தான். 2020 ஜூனில், கொரோனாவால் காலி மைதானங்களில் ஆட்டங்கள் தொடங்கியபோது, ஸ்கை ஸ்போர்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? வீடியோ கேம் தயாரிக்கும் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து ரசிகர் கூட்டத்தின் குரலை வாங்கி ஒளிபரப்பில் சேர்த்தது. கூட்டம் இல்லாத கால்பந்தை விற்க முடியாது என்று தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 2025-26 முதல் நான்கு சீசன்களுக்கு, இங்கிலாந்துக்குள் ஒளிபரப்பும் உரிமைக்கு மட்டும் பிரீமியர் லீக்குக்குக் கிடைக்கும் தொகை 670 கோடி பவுண்டு. ‘அதில் எங்கள் தொண்டைக்கு என்ன பங்கு?’ என்று கேட்கிறார்கள் சலுகையை இழந்தவர்கள்.

2024-25 சீசனுக்கு பிரீமியர் லீக்கின் 20 கிளப்களில் 19 கிளப்கள் சீசன் டிக்கெட் விலையை உயர்த்தின. 2026 உலகக் கோப்பைக்கு டிக்கெட் விற்றபோது ஃபிஃபா, தேவைக்கேற்ப விலை ஏறி இறங்கும் முறையைக் கொண்டுவந்தது. சிறுவர்களுக்கென்று சலுகை விலை வைக்கவில்லை. ஐரோப்பிய ரசிகர் சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு, 2025 டிசம்பரில், தங்கள் அணியைத் தொடர்ந்து பின்தொடரும் ரசிகர்களுக்கு மட்டும் கொஞ்சம் டிக்கெட்டுகளை 60 டாலருக்கு ஒதுக்கியது.

இதற்கெல்லாம் நடுவே, 2016-ல் வந்த அந்த 30 பவுண்டு உச்சவரம்பு மட்டும் இந்த விலை உயர்வுகளையெல்லாம் தாண்டி அப்படியே நின்றிருக்கிறது. அதனால் விநோதமான ஒரு நிலைமை. ஓல்ட் டிராஃபோர்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் யுனைடெட் உறுப்பினர் தன் பேரனை அழைத்துப்போக 2024 டிசம்பரில் ஆளுக்கு 66 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆட்டத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த எதிரணி ரசிகர், சில வரிசைகள் தள்ளி, 30 பவுண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.